காதைத் தொட்டால்தான் பள்ளிக்கூடமா?

நிலா அம்மா:
பக்கத்துத் திரியில் வாத்தியார் ஐயா எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சலாக இருக்கிறது. "காதைத் தொட முடியாத பிள்ளையைப் பள்ளியில் தள்ளுகிறவர்கள் பெற்றோரே இல்லை" என்கிறார். திங்கட்கிழமை என் மகள் எல்கேஜி போகிறாள். கோடை முழுக்கத் தாத்தா வீட்டில் நுங்கு, மணல், கன்றுக்குட்டி என்று திரிந்தவள், இப்போது புதுப்பையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடக்கிறாள். அவள் சந்தோஷமாகத்தான் இருக்கிறாள், எனக்குத்தான் வயிற்றைப் பிசைகிறது. பாத்ரூம் வந்தால் மிஸ்ஸிடம் கேட்பாளா, டப்பாவைத் திறக்கத் தெரியுமா என்று ஓடிக்கொண்டே இருக்கிறது. இந்த நேரத்தில் இப்படி ஒரு தீர்ப்பு. எந்தச் சட்டத்தில் ஐயா காது இருக்கிறது?

வாத்தியார்:
சட்டம் கிடக்கட்டும். வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஒன்றாம் வகுப்பு, தொடாவிட்டால் அடுத்த வருடம். அப்படி நான் சேர்த்த பிள்ளைகள் இன்று டாக்டர்கள். உங்கள் மகளுக்கு எட்டுகிறதா, இல்லையா?

தென்காசிக் காற்று:
எட்டாதவர்கள் தலையைச் சாய்த்துத் தொட்ட கதை எங்களுக்கும் தெரியும் ஐயா. என் மாமா அப்படித்தான் சேர்ந்தார். பிறந்த தேதி கேட்டபோது வீட்டில் யாருக்கும் தெரியவில்லை, தலைமையாசிரியரே ஜூனுக்கு ஒத்துவருகிற மாதிரி ஒன்றை எழுதிக்கொண்டார். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பாதிப் பேர் சான்றிதழில் மே மாதத்தில்தான் பிறந்திருக்கிறார்கள். ஊரே கோடையில் பிள்ளை பெற்றதா?

வாத்தியார்:
தலையைச் சாய்த்தால் செல்லாது. நான் நேராக நிற்க வைத்துத்தான் பார்ப்பேன்.

ஓஎம்ஆர் அப்பா:
தமிழ்நாட்டில் ஜூலை 31-க்குள் 5 வயது முடிந்தால் ஒன்றாம் வகுப்பு. கேந்திரிய வித்யாலயாவில் 2022-23 முதல் 6 வயது, 2020 தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி. கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கும் 25 சதவீத இடங்களுக்கு எல்கேஜி என்றால் 3 முடிந்திருந்தால் போதும். இதில் எங்கேயும் காது இல்லை.

வாத்தியார்:
ஆறு வயது என்கிறார்கள் அல்லவா? ஆறில்தான் காது எட்டும். டெல்லிக்காரர்களுக்கு இப்போதுதான் புரிந்திருக்கிறது. எங்களுக்கு அன்றே தெரியும்.

ஓஎம்ஆர் அப்பா:
முந்தாநாள் "ஐந்தில் எட்டும்" என்று எழுதியது யார்?

வாத்தியார்:
ஐந்து முடிந்து ஆறு நடக்கும்போது. தமிழை ஒழுங்காகப் படியுங்கள்.

மருந்துச்சீட்டு:
பிறந்த குழந்தைக்குத் தலையே உடல் நீளத்தில் கால் பங்கு. வளர்ந்தவர்களுக்கு ஏறக்குறைய எட்டில் ஒன்று. நடுவில் கை நீளும்போது ஒரு கட்டத்தில் காது எட்டும். சிலருக்கு 5, சிலருக்கு 7. சரியான சாப்பாடு இல்லாமல் வளர்ச்சி நின்ற பிள்ளைக்கு இன்னும் தள்ளிப்போகலாம். அப்படியானால் ஐயா "அடுத்த வருடம் வா" என்று திருப்பி அனுப்பியது யார் வீட்டுப் பிள்ளைகளை?

வாத்தியார்:
சாதிப் பிரச்சினையாக்க வேண்டாம். எட்டினால் எட்டியது.

மருந்துச்சீட்டு:
நான் சாதி என்று எழுதவே இல்லையே! சாப்பாடு என்றுதானே எழுதினேன்? அதற்காகத்தான் 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கினார்கள்.

தென்காசிக் காற்று:
ஆரம்பித்துவிட்டார். போன வருடம் உப்புமா திரியில் இதே ஆள் இதே பல்லவி.

மருந்துச்சீட்டு:
அந்தத் திரியில் பதில் சொல்ல முடியாமல் ஓடியவர் பேசுகிறார்.

நிலா அம்மா:
நான் கேட்டது வேறு. எல்கேஜியில் மணலும் பாட்டும்தான். ஒன்றாம் வகுப்புக்கு வைத்த அளவுகோலை அவள் தலையில் ஏன் வைக்கிறீர்கள்?

வாத்தியார்:
பள்ளி என்றால் பள்ளிதான். எங்கள் காலத்தில் அக்னி நட்சத்திரம் முடியும், ஜூன் 1 மணி அடிக்கும், காதைத் தொட்டவன் உள்ளே, தொடாதவன் வெளியே. இப்போது வெயில் என்று தேதியையே தள்ளுகிறார்கள்.

ஓஎம்ஆர் அப்பா:
தள்ளாமல்? 2023-ல் ஜூன் 1 என்றார்கள், 7 என்றார்கள், கடைசியில் பெரிய வகுப்புக்கு 12, சின்னப் பிள்ளைகளுக்கு 14. வெளியே நின்று பாருங்கள், தெரியும். நீங்கள் வேப்பமரத்தடியில் பாடம் நடத்தியவர்.

வாத்தியார்:
வேப்பமரத்தைக் கேலி செய்யாதீர்கள். உங்களைப் போல ஏசிக்குள் உட்கார்ந்து பிள்ளை வளர்த்தால் கை எங்கே நீளும்?

மருந்துச்சீட்டு:
ஏசியால் கை குட்டையாகுமா? இதை மருத்துவக் கல்லூரியில் எனக்குச் சொல்லித்தரவில்லை.

வாத்தியார்:
எல்லாரும் பேசுகிறீர்கள், கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. நேராக நிற்க வைத்துப் படம் எடுத்துப் போடுங்கள் அம்மா, நான் சொல்கிறேன்.

நிலா அம்மா:
என் பிள்ளையின் படத்தை இங்கே போடுவதாக இல்லை. சீருடைக்கு ஓரம் மடித்துத் தைக்க வேண்டும், வருகிறேன்.

வாத்தியார்:
பார்த்தீர்களா, எட்டவில்லை.

தென்காசிக் காற்று:
உப்புமா திரியிலிருந்து நான் ஓடவில்லை. நெட் போய்விட்டது.