ரெட்டைவால் குருவி, அதான் கரிச்சான், அதுகிட்ட கொட்டு வாங்கினவங்க யாராவது இருக்கீங்களா?

மாடிப்படி:
தண்ணித்தொட்டி மூடியைத் திறக்கப் போனேன். பக்கத்து மரக்கவட்டையில கூடு இருந்தது அப்போ தெரியாது. பின்னந்தலையில சட்டுனு ஒரு கொட்டு. வலிக்கலை. ஆனா காதோரமா 'டக்'னு அலகு மூடின சத்தம் இருக்கே, மூணு வருஷமாச்சு, இன்னும் அந்த ஏணியில கால் வச்சா தோள் தானா ஒடுங்குது. திரும்பிப் பார்த்தா ஒயர்ல உக்காந்திருக்கு. மசியில முக்கி எடுத்த மாதிரி உடம்பு, கருஞ்சிவப்புக் கண்ணு. ஒண்ணும் நடக்காத மாதிரி வாலை ஆட்டுது.

வரப்பு:
கரிச்சான் ஆளை அடிக்காதுங்க. உங்களை அடிச்சது காக்காயா இருக்கும். இது பருந்தைத்தான் விரட்டும். நானே பார்த்தேன், பருந்து முதுகுல ஒட்டிக்கிட்டே போகுது, பருந்து ஒருதடவைகூட திரும்பிக் கொத்தலை. சும்மாவா வலியன்னு பேரு வச்சாங்க? இந்த ரவுடியை நம்பித்தான் புறா, கொண்டைக்குருவி எல்லாம் அது இருக்கிற மரத்துலயே கூடு கட்டுது.

மாடிப்படி:
காக்காய்க்கு எப்போங்க ரெட்டைவால் முளைச்சுது?

ஈசல்:
சண்டையை விடுங்கப்பா. மழை விட்ட சாயங்காலம், நல்லா இருட்டிருச்சு. தெருவிளக்கைச் சுத்தி ஈசல். முதல்ல வௌவால்னுதான் நினைச்சேன், பார்த்தா கரிச்சான். வெளிச்சத்துக்குள்ள வந்தா இருக்கு, தாண்டினா இல்லை. இருட்டே ஒரு துண்டு பிய்ஞ்சு வந்து, ஈசலைக் கவ்விக்கிட்டு, திரும்பப் போய் இருட்டோட ஒட்டிக்கிட்ட மாதிரி. என் சட்டை முழுக்க ஈசல் றெக்கை.

விடிகாலை:
எல்லாரும் கருப்பு கருப்புங்கிறீங்க. வெயில்ல முதுகைப் பாருங்க, நீலம் ஓடும். வாலைப் பார்த்துக் கருவாட்டுவாலின்னு பேரு வச்சவன்தான் ஒழுங்காப் பார்த்திருக்கான். விடியுறதுக்கு முன்னாடி முதல் சத்தம் இதோடதுதான். ஆண்டாள் திருப்பாவையில சொன்ன ஆனைச்சாத்தன் இதுன்னு உரைகாரங்க சொல்றது சும்மா இல்லை. என்னை உறுத்துறது வேற. மைனாக்கூட்டம் மேஞ்சுக்கிட்டிருந்துச்சு. வல்லூறு குரல் கேட்டதும் அத்தனையும் கலைஞ்சு ஓடிருச்சு. நானும் அண்ணாந்து பார்த்தேன், வானத்துல ஒண்ணுமில்லை. கத்தினது கரிச்சான்! மைனா போட்டுட்டுப் போன புழுவை எடுத்துக்கிட்டு வேலிக்கம்புல போய் உக்காந்துருச்சு. நானும் ஏமாந்தேனே, அதான்.

கூடுபார்த்தவர்:
எங்கள் வாசலில் ஒரு குஞ்சு விழுந்தது, வயிற்றில் சுண்ணாம்பு தெறித்தாற்போல் வெள்ளைக் கோடுகள். அரை மணியில் தானே தத்தித் தத்திச் செடிக்குள் போய்விட்டது. அதனால் சொல்கிறேன்: இறகு முளைத்த குஞ்சு தரையில் இருந்தால் வீட்டுக்குள் தூக்கிப் போகாதீர்கள். பால் ஊற்றாதீர்கள். வாயைப் பிளந்து தண்ணீர் விடவே கூடாது, மூச்சுக்குழலில் இறங்கிவிடும். பூனை நடமாட்டம் இருந்தால் பக்கத்துக் கிளையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள், தாயும் தகப்பனும் எங்கேயோ பார்த்துக்கொண்டுதான் இருக்கும். மனிதர் கை பட்டால் ஒதுக்கிவிடும் என்பது கட்டுக்கதை. முட்டையிட்டதிலிருந்து குஞ்சு பறக்கும் வரை ஒரு மாதம் சொச்சம். அதுவரை மாடிக்குக் குடை பிடித்துப் போங்கள், மாடிப்படி. குஞ்சைத் தொடும் ஆசையை விடுங்கள்.

மாடிப்படி:
ஐயா, நான் தொட்டது தொட்டி மூடியை.