‘இயை விளையாட்டு’: அடாப்டிவ் ஸ்போர்ட்ஸுக்கு ஒரு முன்மொழிவு

அனைவருக்கும் வணக்கம்.

‘அடாப்டிவ் ஸ்போர்ட்ஸ்’ என்பது, ஆடுபவரின் உடல்நிலைக்கு ஏற்ப விதியையோ கருவியையோ மாற்றி ஆடும் விளையாட்டு. அதற்குத் தமிழ்ச்சொல்லாக இங்கே வந்த ‘மாற்றுத்திறனாளர் விளையாட்டு’, ‘தகவமைப்பு விளையாட்டு’ என்ற இரண்டு பரிந்துரைகளையும், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் பிள்ளைகளை மனத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் பொருந்தவில்லை.

‘மாற்றுத்திறனாளர் விளையாட்டு’ ஆளுக்குத்தான் பெயர் வைக்கிறது. இரத்தப் புற்றுக்கு வின்கிரிஸ்டின் என்னும் கீமோ மருந்து ஏற்றிக்கொள்ளும் சிறுவனுக்கு நரம்பு பாதிக்கப்பட்டுப் பாதத்தின் முன்பகுதி தொங்கிப்போவதுண்டு. ஓடினால் கால்விரல் தரையில் இடறும். மருந்து நின்றபின் பலருக்கு இது மெல்லச் சரியாகிவிடுகிறது. அவனுக்கு எதற்கு நிரந்தரப் பெயர்?

‘தகவமைப்பு விளையாட்டு’ காதுக்கு இனிமைதான். ஆனால் பள்ளி அறிவியலில் தகவமைப்பு என்றாலே பாலைவனத்துக்கு ஏற்ற ஒட்டகம் வந்து நிற்கும். இங்கே மாற வேண்டியது ஆட்டம்.

கனடாவின் டெரி ஃபாக்ஸுக்கு 1977இல், 18 வயதில், எலும்புப் புற்றுநோயால் வலது கால் முழங்காலுக்கு மேல் அகற்றப்பட்டது. கீமோதெரபி முடிவதற்கு முன்பே, சக்கர நாற்காலி விளையாட்டு வீரர் ரிக் ஹான்சன் அவரைச் சக்கர நாற்காலிக் கூடைப்பந்துக்கு அழைத்துவிட்டார். அதில் வளையம் அதே 3.05 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. பந்தை மடியில் வைத்துக்கொண்டு சக்கரத்தை இருமுறைக்கு மேல் தள்ளக் கூடாது. பந்தைத் தட்டியாக வேண்டும். விதி உடலுக்கு இயைந்துகொண்டது, ஆட்டத்தின் கடுமை குறையவில்லை. 1980இல் ஃபாக்ஸ் செயற்கைக் காலுடன் 143 நாள்களில் 5,373 கி.மீ. ஓடியதை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது இந்தக் கூடைப்பந்துதான்.

ஆகவே, ‘இயை விளையாட்டு’. வினைத்தொகை: இயைந்த, இயைகின்ற, இயையும் விளையாட்டு. முக்காலமும் இங்கே தேவைப்படுகிறது. கீமோவுக்குப் பின், இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் மிகவும் குறைந்திருக்கும் நாள்களில் மோதல் உள்ள ஆட்டம் கூடாது. உட்கார்ந்தபடி மென்பந்தை உருட்டி விளையாடலாம். எண்ணிக்கை ஏறியதும் ஆட்டமும் மாறும். டாக்சோருபிசின் என்னும் கீமோ மருந்து இதயத்தைப் பாதித்திருந்தால் எவ்வளவு வேகம் என்பதை மருத்துவர் வகுப்பார்.

கிளைச்சொற்களும் எளிதாக வரும்: இயை நீச்சல், இயை பனிச்சறுக்கு, இயை கூடைப்பந்து. வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்பதால் ‘இயைக் கூடைப்பந்து’ என்று எழுதிவிட வேண்டாம். செய்யுளில் அடிகளின் இறுதி ஒத்து வரும் ‘இயைபு’ நினைவுக்கு வந்தாலும், வேர்ச்சொல்லை மட்டும் எடுப்பதால் குழப்பம் வராது என்றே கருதுகிறேன். பெற்றோருக்கான கையேட்டில் முதன்முறை வரும்போது ‘பிள்ளையின் உடல்நிலைக்கு இயைந்த விளையாட்டு’ என்று விரித்து எழுதிவிடலாம்.

இயன்முறை மருத்துவர்கள் மறுப்பு இருந்தால் தயங்காமல் எழுதுங்கள்.