"கைம்மாறு நியமனம்" என்று வைப்போமே

வணக்கம்.

கட்சிக்கு உழைத்தவர்களுக்குப் பதவி கொடுப்பதை ஆங்கிலத்தில் 'பேட்ரனேஜ்' நியமனம் என்பார்கள். அதற்குத் தமிழில் "சலுகை நியமனம்" போதும் என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு ஒப்பவில்லை. சலுகை என்பது முதியோருக்குப் பஸ் கட்டணத்தில் தருவது, அதில் தப்பு எதுவும் தொனிக்காது. "அரசியல் நியமனம்" என்றால் இன்னும் அகலம், அமைச்சரைப் போடுவதும் அதற்குள் வந்துவிடும்.

போன மாதம் ஸ்காபரோவில் குடியுரிமைத் தேர்வுக்குப் படிக்கும் நம்மவர்களுக்காகக் கனடிய செனட், அதாவது நாடாளுமன்றத்தின் மேலவை, பற்றித் தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். 105 பேர், பிரதமர் பெயர் சொல்ல, மன்னரின் பிரதிநிதியான ஆளுநர் நாயகம் நியமிப்பார், 75 வயதுவரை இருக்கலாம். ஒரு அம்மா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, "அப்ப இவைக்கு ஆர் வோட்டுப் போட்டது?" என்றார். ஒருவரும் இல்லை என்றேன். "பிறகு என்னத்துக்கு இவையைப் பிடிச்சுப் போட்டவை?"

அந்த 'என்னத்துக்கு' சொல்லுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

முன்னாள் பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பரையே பாருங்கள். செனட்டுக்குத் தேர்தல் கொண்டுவருவேன் என்று சொல்லி 2006இல் ஆட்சிக்கு வந்தவர், பதவியேற்ற அன்றே தன் பிரசாரத்தின் இணைத்தலைவர் மைக்கேல் ஃபோர்ட்டியேயை அமைச்சராக்கி, செனட்டுக்கும் அனுப்பப்போவதாக அறிவித்தார். 2008 டிசம்பரில் ஒரே நாளில் 18 பேரைச் செனட்டுக்கு நியமித்தார். 2009 ஆகஸ்டில் பிரசார இயக்குநர் டக் ஃபின்லி, கட்சி நிர்வாகத் தலைவராக இருந்த டான் பிளெட், பிரதமரின் ஊடகச் செயலாளராக இருந்த கரோலின் ஸ்டூவர்ட் ஓல்சன், மூவரும் ஒரே பட்டியலில். அவர் ஆட்சியில் செனட்டுக்குப் போனவர்கள் மொத்தம் 59 பேர். தேர்தல் வைக்க ஏழு மாகாணங்களாவது சம்மதிக்க வேண்டும், அவற்றில் நாட்டின் பாதி மக்களாவது இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2014 ஏப்ரலில்தான். 59 பேரும் அதற்கு முன்பே உள்ளே போய்விட்டார்கள், அதனால் நீதிமன்றம் தடுத்துவிட்டது என்ற சமாதானத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் அந்த 59இல் ஆல்பர்ட்டா மாகாண வாக்காளர்கள் தெரிவு செய்து கொடுத்த நால்வரும் உண்டு, அவர்களை இந்தச் சொல்லுக்குள் அடைக்கக் கூடாது.

அதனால்தான் "கைம்மாறு நியமனம்". கட்சிக்கு உழைத்ததற்கான பதிலுதவி என்பது கேட்டவுடனே விளங்கும். கைம்மாறு நல்ல சொல்லாயிற்றே, இதற்குப் போய் அதைக் கெடுப்பதா என்று சிலர் கேட்கக்கூடும். தன் கையிலிருந்து கொடுத்தால் நல்லதுதான், இங்கே நாட்டின் பதவியை அல்லவா எடுத்துக் கொடுக்கிறார்கள்? பக்கத்தில் "நியமனம்" வந்ததும் அந்த உறுத்தல் தானாகவே வந்துவிடுகிறது.

அப்புறம், 1990இல் அப்போதைய பிரதமர் பிரையன் மல்ரோனி செய்தது வேறு வகை. ஜிஎஸ்டி என்ற பொருள், சேவை வரி மசோதா செனட்டில் முடங்கிக் கிடந்தபோது, அரசியலமைப்பில் அதுவரை எவரும் பயன்படுத்தாத ஒரு பிரிவைக் கொண்டு எட்டுப் பேரைக் கூடுதலாகப் போட்டு நிறைவேற்றிக்கொண்டார். அங்கே பழைய உதவிக்குப் பதில் செய்வதல்ல நோக்கம், வாக்கு எண்ணிக்கைதான். அதற்கு "ஆள்நிரப்பு நியமனம்" என்று தனியாக வைக்கலாம், இதைவிட நல்லது இருந்தால் சொல்லுங்கள், மாற்றிக்கொள்கிறேன்.

செனட்டையே "மூதவை" என்று எழுதலாமா என்ற கேள்விக்கு: இலங்கையில் 1971வரை இருந்த செனட் சபையை அப்படியும் எழுதியிருக்கிறோம், ஆகவே எனக்குச் சம்மதம். தேர்வுக்குப் படிப்பவர்களுக்கான தாளில் மட்டும் செனட் என்றே விட்டிருக்கிறேன், தேர்வில் அவர்கள் பார்க்கப்போவது அந்தச் சொல்லைத்தான்.