இரண்டாம் மூக்கு அறுவை: விலாக் குருத்தெலும்பு வளையாமலிருக்க உங்கள் வழி என்ன?

இந்த நோயாளிக்கு முதல் அறுவையில் மூக்குத் தண்டின் மேட்டை அதிகம் செதுக்கிவிட்டார்கள். பக்கக் குருத்தெலும்புகள் உள்ளே சரிந்து தலைகீழ் 'வி' நிழல் தெரிகிறது. உள்வால்வு (மூக்கினுள் காற்று செல்லும் மிகக் குறுகிய இடம்) மேலும் குறுகியதால் மூச்சும் அடைக்கிறது. 12 மாதம் தாண்டிவிட்டது, தழும்பும் இளகியிருக்கிறது. ஆகவே காலம் பற்றிய கேள்வி இல்லை, பொருள் பற்றித்தான்: உள்ளே வைக்கும் குருத்தெலும்பை எங்கிருந்து எடுப்பது?

நாசிகளைப் பிரிக்கும் நடுச்சுவரில் எடுக்க எதுவும் மிச்சமில்லை. மூக்கைத் தாங்க அதில் விட்டுவைத்திருக்கும் 'எல்' வடிவத் தாங்கியின் அகலத்தை 10 மி.மீ.க்குக் கீழே குறைத்தால் மூக்கே அமுங்கிவிடும். காதுக் குருத்தெலும்பு நுனிக்கும் நாசி விளிம்புக்கும் நல்லது. ஆனால் இயல்பிலேயே வளைந்தது, பாரம் தாங்காது. எஞ்சுவது விலாதான்.

நடுச்சுவருக்கும் பக்கக் குருத்தெலும்புக்கும் இடையே இருபுறமும் சுமார் 2 மி.மீ. தடிமனில் விரிப்புத் துண்டுகள் (உள்வால்வை அகலப்படுத்தும் குருத்தெலும்புப் பட்டைகள்) வைத்து, 5-0 பிடிஎஸ் என்ற, தானே கரையும் நூலால் தைக்கத் திட்டம். பயம் வளைவைப் பற்றித்தான். விலாவின் வெளி அடுக்கில் இழுவிசை உண்டு. ஒரு பக்கம் மட்டும் சீவினால் சமநிலை கெட்டு, மாதங்கள் கழித்துக்கூடத் தண்டு கோணலாகும். நடுப்பகுதியை மட்டும் சமச்சீராகச் செதுக்கி, உப்புநீரில் 30 நிமிடமாவது ஊறவைத்துப் பார்ப்பது தெரிந்த வழி. சாய்வாக வெட்டும் முறையில் மெல்லிய துண்டுகள் நெடுநாள் நேராக நிற்கின்றனவா? செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

தோலும் மிக மெல்லியது. துண்டின் விளிம்பு வெளியே தெரியாமலிருக்க மேலே பொட்டுத் தசையுறை (நெற்றிப் பொட்டுத் தசையின் மேலுள்ள மெல்லிய சவ்வு) போர்த்துவீர்களா, விலாக் குருத்தெலும்பின் மேலுறையே போதுமா?