போஸ்டர் போடோனியைப் போடோனியே வரைந்தாராம்!

ஈயெழுத்து: "போஸ்டருக்கென்றே போடோனி தன் கையால் வரைந்த தடித்த எழுத்து போஸ்டர் போடோனி" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். குடித்த டீ புரையேறிவிட்டது. எழுத்து வெட்டிய அச்சுக்காரர் ஜாம்பட்டிஸ்டா போடோனி இத்தாலியின் பார்மா நகரில் இறந்தது 1813-ல். அச்சு இயந்திர நிறுவனமான லைனோடைப்புக்காக சான்சி கிரிஃபித் போஸ்டர் போடோனியை உருவாக்கியது 1929-ல். நடுவில் 116 வருஷம். ஆவி வந்து வரைந்ததா?

டிடிபி_குமார்: எழுதியது நான்தான் பெரியவரே. பெயரிலேயே போடோனி இருக்கிறதே, அப்புறம் என்ன?

ஈயெழுத்து: பேரனுக்குத் தாத்தா பெயர் வைத்தால் தாத்தாவே பிறந்துவிட்டார் என்பீர்களா?

டிடிபி_குமார்: எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம்.

மெல்லிசுக்கோடு: சண்டை இருக்கட்டும். என் அக்கா கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் ஆங்கிலப் பட்டத்தை இந்த எழுத்தில்தான் போட்டார்கள். 8 பாயின்ட், பொடி எழுத்து, மெரூன் மேல் வெள்ளை. மெல்லிசுக் கோடுகளை எல்லாம் மை அடைத்துவிட்டது, தடித்த தண்டு மட்டும்தான் நின்றது. பி.இ. படித்தவர் பி.ஐ. ஆகிவிட்டார். அத்தை இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

ஈயெழுத்து: 8 பாயின்டில் போட்டவரைக் கேளுங்கள். இது 72 பாயின்டுக்கு மேல் வாழும் எழுத்து. தண்டு யானைக்கால், கோடு பல்குத்தும் குச்சி. பெரிதாகப் போட்டால்தான் இரண்டும் சேர்ந்து மிரட்டும். தலைப்புக்கு ஒரு சொல், சுற்றிலும் வெள்ளை, அவ்வளவுதான். ஆனால் வரைந்தது போடோனி இல்லை. 1929.

நள்ளிரவு_நகல்: வோக் பத்திரிகைத் தலைப்பும் போடோனிதானே?

ஈயெழுத்து: அது டிடோ. பாரிஸ் அச்சுக்காரக் குடும்பத்தின் எழுத்து. இன்று என்ன, எல்லோரும் பேசி வைத்துக்கொண்டு வந்தீர்களா?

டிடிபி_குமார்: டிடோவோ போடோனியோ, ஒரு கோடு தடி, ஒரு கோடு ஒல்லி. கஸ்டமர் கேட்பது அதைத்தான்.

ஈயெழுத்து: போன மாசம் கூப்பர் பிளாக் என்ற உருண்டைத் தடி எழுத்தையும் போடோனி குடும்பம் என்றவர்தானே நீங்கள்? அதில் ஒல்லிக்கோடு எங்கே இருக்கிறது? இவ்வளவு தடித்த எழுத்தே 1800களின் தொடக்கத்தில் லண்டனில் லாட்டரி நோட்டீஸ்களில் கொழுத்து வளர்ந்தது. போடோனி வேலை பார்த்தது பார்மா கோமகனின் அச்சகத்தில், புத்தகங்களுக்கு.

டிடிபி_குமார்: அவர் இறந்து 5 வருஷம் கழித்து, 1818-ல், மனைவி அவர் பெயரில் எழுத்து மாதிரிப் புத்தகம் போடலாம். 1929-ல் லைனோடைப் போட்டால் மட்டும் தப்பா?

ஈயெழுத்து: அந்த அம்மா போட்டது அவர் வெட்டிய அச்சுகள்! உங்களுக்கு எப்படித்தான் சொல்வது?

மெல்லிசுக்கோடு: மறு அச்சுக்குக் காசு யார் தருவார்கள் என்று யாரும் சொல்லவில்லை.

டிடிபி_குமார்: பத்திரிகை அடிக்கத் தெரியாதவர்களிடம் கொடுத்துவிட்டு இங்கே வந்து அழாதீர்கள்.

மெல்லிசுக்கோடு: உங்களை மாதிரி ஒருவர்தான் அடித்தார்.

டிடிபி_குமார்: நாளை ஒரு பேனர் போகிறது. போஸ்டர் போடோனிதான். போடோனி ஐயா கைவண்ணம்.

ஈயெழுத்து: 1929.