மாருதி 800 (1996 மாடல்): மைலேஜ் 12 தான் வருகிறது, ஜெட் மாற்றலாமா?

திண்டுக்கல்800:
வணக்கம். அப்பா வாங்கிய கார்புரேட்டர் வண்டி. இரண்டு வருடம் கொட்டகையில் சும்மா நின்றது. போன பொங்கலுக்குத்தான் எடுத்து ஓட்ட ஆரம்பித்தேன். அப்பா ஒவ்வொரு முறை பெட்ரோல் போட்டதும் ஒரு நோட்டில் எழுதி வைப்பார். அதில் 17க்குக் கீழே ஒரு வரிகூட இல்லை. எனக்கு 12 தாண்டவில்லை. ஏர் ஃபில்டர் புதிது, ஆயிலும் மாற்றியாயிற்று. மெக்கானிக் மெயின் ஜெட்டை (கார்புரேட்டரில் காற்றோடு கலக்கப் பெட்ரோல் வருகிற சிறு துளை) சின்னதாகப் போட்டால் மைலேஜ் ஏறும் என்கிறார். செய்யலாமா? இந்த வண்டியை விற்கிற எண்ணமே எனக்கு இல்லை.

பழையஸ்பேனர்:
ஜெட்டைத் தொடாதீர்கள் தம்பி. முதலில் அந்த 12 எப்படி வந்தது? பெட்ரோல் மீட்டர் முள்ளைப் பார்த்துச் சொன்னால் கணக்கில் சேராது. ஒரே பங்கில், நாசில் தானாக நிற்கும்வரை போடுங்கள். 200 கிலோமீட்டராவது ஓட்டிவிட்டு அதே பங்கில் அதே மாதிரி மறுபடியும் நிரப்புங்கள்.

அப்புறம் மெயின் ரோட்டில் பதினைந்து கிலோமீட்டர் சீராக ஓட்டி, ஓரமாக நிறுத்தி, எஞ்சின் சூடு கொஞ்சம் ஆறியதும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை இளம் பழுப்பு நிறத்தில் இருந்தால் பெட்ரோல், காற்றுக் கலவை சரி. கரி படிந்திருந்தால் பெட்ரோல் முழுதாக எரியவில்லை. வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை.

வண்டி நின்றவுடனே நாலு வீல் பக்கமும் கையைக் கிட்டே கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அதிகமாகக் கொதித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. நின்ற வண்டிகளில் இது சாதாரணம்.

பத்மினிக்காரன்:
இன்னொன்று. அப்பா நோட்டில் இருப்பது அந்தக் காலத்துப் பெட்ரோல். இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு வெப்பம் குறைவு, அதனால் 6, 7 சதவீதம் மைலேஜ் விழத்தான் செய்யும். 17 தந்த வண்டி 16 தந்தால் குறை சொல்ல முடியாது. எத்தனால் எரியக் காற்றும் குறைவாகத்தான் வேண்டும். புது வண்டியில் சென்சார் பார்த்துச் சரிசெய்துகொள்ளும், கார்புரேட்டருக்கு அது தெரியாது. ஆகவே கலவையில் ஏற்கனவே காற்று கொஞ்சம் கூடுதலாகத்தான் போகிறது. அதன் மேல் ஜெட்டையும் சிறிதாக்கினால் எஞ்சின் சூடேறும், இழுவையும் போய்விடும். பழைய பெட்ரோல் ஹோஸ்களையும் மாற்றிவிடுங்கள். எத்தனாலுக்கு அந்த ரப்பர் ஊறி விரிசல் விடும்.

திண்டுக்கல்800:
பார்த்துவிட்டேன். 246 கிலோமீட்டருக்கு 20.5 லிட்டர், சரியாக 12. மூன்று பிளக்குமே கரி, விரலில் ஒட்டுகிறது. முன்பக்க இடது வீல் கிட்டே கை வைக்க முடியவில்லை. இன்னொரு விஷயம், எவ்வளவு ஓட்டினாலும் டெம்பரேச்சர் முள் அடியைவிட்டு மேலே வருவதில்லை. நல்லதுதானே என்று விட்டுவிட்டேன்.

பழையஸ்பேனர்:
அந்த முள்தான் முக்கியம் தம்பி. யாரோ தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். நம் ஊர் வெயிலுக்கு அது வேண்டாம் என்று நிறையப் பேர் செய்கிற தப்பு இது. தண்ணீர் 80 டிகிரி தாண்டும்வரை ரேடியேட்டர் பக்கம் விடாமல் தடுப்பதுதான் அதன் வேலை. அது இல்லாவிட்டால் எஞ்சின் சூடாகவே நேரம் பிடிக்கும். குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது, பாதி கரியாகப் போகும். ஹவுசிங்கைத் திறந்து பாருங்கள், இல்லையென்றால் புதிதாகப் போடுங்கள், பெரிய விலை இல்லை.

அடுத்து சோக், அதாவது குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பக் காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டுகிற அமைப்பு. ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு நாபை முழுக்க உள்ளே தள்ளுங்கள். கார்புரேட்டர் வாயில் இருக்கிற தகடு செங்குத்தாக நிற்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் நாள் முழுக்க சோக்கோடு ஓடுகிற மாதிரிதான்.

திண்டுக்கல்800:
ஹவுசிங் காலி அண்ணே, நீங்கள் சொன்னது போலவே! சோக் தகடும் கால்வாசி சாய்ந்தே நின்றது. கேபிள் உறைக்குள் துரு ஏறி நாப் முழுசாக உள்ளே போகவில்லை. கேபிள் மாற்றி, தெர்மோஸ்டாட் போட்டேன். முன்பக்க இடது பிரேக் காலிபரில் பிஸ்டன் இறுகியிருந்தது, சீல் கிட் மாற்றியதும் வீல் கையால் சுற்றினாலே சுற்றுகிறது. பிளக்கும் புதிது. நேற்று நிரப்பினேன்: 262 கிலோமீட்டர், 15.6 லிட்டர். 16.8! முள்ளும் நடுவுக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஜெட் பழையதேதான். உங்கள் இருவருக்கும் மிக்க நன்றி.

பழையஸ்பேனர்:
ரொம்ப சந்தோஷம் தம்பி. மெக்கானிக்கிடம் இரண்டு வேலை மட்டும் சொல்லுங்கள். டேப்பட் கிளியரன்ஸ் (வால்வு இடைவெளி) பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் டிஸ்ட்ரிபியூட்டருக்கு (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தருவது) போகிற சின்ன வேக்கம் ஹோஸ். கார்புரேட்டர் பக்கம் கழற்றி வாயால் உறிஞ்சி, நுனியை நாக்கால் அடையுங்கள். நாக்கைப் பிடித்துக்கொண்டால் மறுமுனையில் இருக்கிற டயஃப்ரம் (மெல்லிய சவ்வு) நல்லது. காற்று வந்துகொண்டே இருந்தால் ஹோஸோ டயஃப்ரமோ கிழிந்திருக்கிறது. அதைச் சரிசெய்தால் 60 வேகத்தில் லேசாக ஆக்ஸிலரேட்டர் மிதித்துப் போகும்போது இன்னும் கொஞ்சம் மிச்சமாகும்.