நடுத்தீர்ப்பு எங்களுக்கு எதிரா வந்திருச்சு, 30 நாளைக்குள்ள அப்பீல் போடணுமா?

கொட்டாஞ்சேனை அக்கா:
வணக்கம். எங்க வீட்டுக்காரர் ஒரு கம்பெனியில 14 வருஷம் ஸ்டோர் கீப்பர். துணி ரோல் குறையுதுன்னு சொல்லி வேலைய விட்டு நிப்பாட்டிட்டாங்க. யூனியன் மூலமா நாரஹேன்பிட்ட தொழில் திணைக்களத்துக்குப் போய் அங்கயும் சரிவராம, அமைச்சர் கைத்தொழில் பிணக்குகள் சட்டம் 4(1) பிரிவுல நடுத்தீர்ப்புக்கு, அதாவது ரெண்டு பக்கமும் கேட்டு முடிவு சொல்ற நடுத்தீர்ப்பாளர்கிட்ட அனுப்பி, ரெண்டரை வருஷம் இழுத்து இப்பதான் தீர்ப்பு வந்திருக்கு. நீக்கினது நியாயமாம், அஞ்சு சதம் நட்டஈடு இல்ல. "சம்பவ நேரத்தில் களஞ்சியத்தில் இல்லை என்பதற்கு ஆவணம் எதுவும் இல்லை"ன்னு 9ஆம் பக்கத்துல இருக்கு. ஆனா செக்கியூரிட்டி கேட் புத்தகத்துல அவர் பின்னேரம் 5.40க்கு வெளிய போனது அவர் கையெழுத்தோட இருக்கு, ரோல் போனது ராத்திரி. அந்தப் பக்கத்த போட்டோகொப்பி எடுத்துக் குடுத்ததே நான்தான். மனுஷன் மூணு நாளா ஒழுங்கா சாப்பிடல. 30 நாளைக்குள்ள ஹைகோர்ட்ல அப்பீல் போடணும்னு ஒருத்தர் சொல்றார், இன்னைக்கு 19ஆவது நாள். உண்மையா?

பழைய யூனியன்காரன், வெள்ளவத்தை:
தங்கச்சி, அந்த 30 நாள் லேபர் ட்ரிபியூனல் எண்ட தொழில் நியாய சபையின்ர கட்டளைக்கு. அங்கயிருந்துதான் சட்டப் பிரச்சினையில மாகாண மேல் நீதிமன்றத்துக்கு அப்பீல் போகும். நடுத்தீர்ப்பாளர் தீர்ப்புக்கு 1950ஆம் ஆண்டு 43ஆம் இலக்க கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தில அப்பீல் எண்ட பாதையே இல்லை. இருக்கிறது ரிட் மட்டும்தான், அரசியலமைப்பு 140ஆம் உறுப்புரையில மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போய், அந்தத் தீர்ப்பை ரத்துப் பண்ணுற உறுதிகேள் எழுத்தாணை (செர்ஷியோராரி ரிட்) கேக்கவேணும். பிழையான கோட்டில போட்டு மாசக்கணக்கைத் துலைச்ச ஆக்களை நான் கண்ணால கண்டிருக்கிறன், தயவுசெய்து அவசரப்பட்டு எதிலயும் கையெழுத்து வைக்காதேங்கோ.

மருதானை:
இப்ப லேபர் ட்ரிபியூனலுக்கே புதுசா போட ஏலாதா?

பழைய யூனியன்காரன், வெள்ளவத்தை:
ஏலாது. வேலை நிப்பாட்டி 6 மாசத்துக்குள்ள போட்டிருக்கவேணும்.

கொட்டாஞ்சேனை அக்கா:
சரி அண்ணா. ரிட் போட்டா கோர்ட் அவர் களவெடுக்கலன்னு சொல்லுமா? எங்களுக்கு அந்த ஒரு சொல்லுதான் வேணும்.

புதுக்கடை ஜூனியர்:
அக்கா, அத சொல்லாது. ரிட்ல கோர்ட் சாட்சிய திரும்ப நிறுத்துப் பாக்காது, நடுத்தீர்ப்பாளர் முடிவெடுத்த விதம் சட்டத்துக்குள்ள நிக்குதான்னுதான் பாக்கும். ரெண்டு பக்கமும் கேட்டாரா, சாட்சியே இல்லாம ஒரு முடிவுக்கு வந்தாரா, முக்கியமான சாட்சிய தொடாம விட்டாரா, இப்படி. அவர் சாட்சிக் கட்டளைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர் இல்ல, நீதியும் ஒப்புரவுமா தோணுறத எழுதலாம், ஆனா அதுக்காக நினைச்சபடி எழுத முடியாது. கொழும்பு மாநகர சபை எதிர் முனசிங்க வழக்குல (நியூ லோ ரிப்போர்ட்ஸ் தீர்ப்புத் தொகுப்பு, 71 என்.எல்.ஆர் 223) பிரதம நீதியரசர் எச்.என்.ஜி. பெர்னாண்டோ சொன்னத இன்னைக்கும் கோர்ட்ல எடுத்துக் காட்டுவாங்க: சட்டம் நடுத்தீர்ப்பாளருக்கு காட்டுக் குதிரையோட சுதந்திரத்த குடுக்கல. அதனால உங்க கேஸ்ல ஒரே கேள்விதான், கேட் புத்தகம் சாட்சி ஆவணமா எண் போட்டு மார்க் பண்ணி பைல்ல ஏறியிருக்கா? சும்மா கையில குடுத்ததா இருந்தா கஷ்டம், அவர் முன்னால இல்லாத ஒன்ன ரிட்ல புதுசா கொண்டுவந்து நிறுத்துறது லேசு இல்ல. விசாரணை நடவடிக்கைக் குறிப்ப எடுத்து இன்னைக்கே பாருங்க.

கொட்டாஞ்சேனை அக்கா:
யூனியன்ல இருந்த பிரதிய ராத்திரி முழுக்க ரெண்டு பேரும் ஒவ்வொரு பக்கமா புரட்டினோம். இருக்கு! ஏ 7ன்னு மார்க் பண்ணியிருக்கு, கம்பெனி லோயர் எதிர்ப்பு ஒண்ணும் சொல்லல. தீர்ப்புல ஏ 1 லேருந்து ஏ 6 வரைக்கும் பேசிட்டு நேரா ஏ 8க்கு போயிருக்கார், ஏ 7ன்ற சொல்லே 11 பக்கத்துலயும் இல்ல. எங்க வீட்டுக்காரர் அந்தப் பக்கத்த கையில வச்சிக்கிட்டு கொஞ்ச நேரம் பேசாமலே இருந்தார்.

புதுக்கடை ஜூனியர்:
அக்கா, இதுதான் உங்க பிடி. ஏ 7, தீர்ப்பு, குறிப்பு எல்லாத்துக்கும் தொழில் திணைக்களத்துல அத்தாட்சிப்படுத்தின பிரதி கேட்டு இன்னைக்கே கடிதம் குடுங்க, சத்தியக்கடதாசியோட அதுதான் போகணும், வெறும் போட்டோகொப்பி போதாது. ரிட்டுக்கு இத்தனை நாள்னு சட்டத்துல கணக்கு இல்ல, ஆனா காரணமில்லாம பிந்தினா அதுக்காகவே தள்ளுபடி பண்ணலாம். உங்க வீட்டுக்காரருக்கு இதுக்கு முந்தி எச்சரிக்கைக் கடிதம் ஏதும் வந்திருந்தா அதையும் மறைக்காம லோயர்கிட்ட சொல்லுங்க, மறைச்சது தெரியவந்தா மனு அதோட போயிரும். இன்னொன்னு, ஜெயிச்சாலும் கோர்ட் அந்தத் தீர்ப்ப ரத்துப் பண்ணும், அடுத்த நாளே வேலை கிடைக்காது, பொதுவா திரும்ப விசாரணைக்குத்தான் போகும். இத இப்பவே அவர்கிட்ட சொல்லி வைங்க.

பழைய யூனியன்காரன், வெள்ளவத்தை:
காசு கஷ்டமெண்டால் புதுக்கடையில சட்ட உதவி ஆணைக்குழு இருக்கு, கேட்டுப் பாருங்கோ. அவரைச் சாப்பிடச் சொல்லுங்கோ தங்கச்சி.

கொட்டாஞ்சேனை அக்கா:
எச்சரிக்கைக் கடிதம் ஒண்ணு இருக்கு, லேட்டா வந்ததுக்கு. அதையும் பைல்ல வச்சிட்டேன். நாளைக்குக் காலையில நாரஹேன்பிட்ட போறோம், ரெண்டு பேருமா.